ஆஸ்கார் அனிமேஷன் படங்கள்: நாமே கணிக்கலாம்!

விருது என்பது கோவைக்குப் புதிதல்ல. நாமக்கல் கவிஞரின் நாவலை வைத்து, கோவை பட்சிராஜா ஸ்டூடியோ தயாரித்து 1954ல் வெளியான 'மலைக்கள்ளன்' ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. இன்று வீட்டுக் கம்ப்யூட்டரில் பிள்ளைகள் அனிமேஷன் பழகும் காலம். அதனால் எந்த அனிமேஷன் படம் ஆஸ்காருக்குப் போகும் என்ற கேள்வி வீட்டுக்குள்ளேயே எழுகிறது. ஒரு ஒர்க் ஷீட் போதும், ஓரளவுக்கு நாமே கணித்துவிடலாம்.

தகுதி வேறு, பரிந்துரை வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். "ஆஸ்கார் போட்டியில் இந்திய அனிமேஷன் படம்" என்று செய்தி வந்தவுடன் பரிந்துரையே கிடைத்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. விதிகளை நிறைவு செய்து விண்ணப்பித்த படங்களின் பெயர்கள்தான் தகுதிப் பட்டியலில் இருக்கும். 2012ல் நிகில் அத்வானியின் 'டெல்லி சஃபாரி' உட்பட 21 படங்கள் அதில் இருந்தன. பரிந்துரை பெற்றவை ஐந்து மட்டுமே. அவற்றில் 'டெல்லி சஃபாரி' இல்லை. 2025ல் வசூலில் சாதனை படைத்த 'மகாவதார் நரசிம்மா' உட்பட 35 படங்கள் தகுதி பெற்றன. அதற்கும் பரிந்துரை கிடைக்கவில்லை.

நம் தேசிய விருதில் இந்தப் படியே கிடையாது. பரிந்துரைப் பட்டியல் வெளியிடாமல் நேரடியாக வெற்றி பெற்ற படத்தையே அறிவிக்கிறார்கள். 2007ஆம் ஆண்டுக்கான சிறந்த அனிமேஷன் பட விருது 'இனிமே நாங்கதான்' என்ற தமிழ்ப் படத்துக்குக் கிடைத்தது.

விதிகள் என்ன?

முழுநீள அனிமேஷன் படங்களுக்கான தனி ஆஸ்கார் 2002ல்தான் தொடங்கியது. முதல் விருது 'ஷ்ரெக்' படத்துக்கு. படம் 40 நிமிடத்துக்கு மேல் ஓட வேண்டும். அதில் குறைந்தது 75 சதவீத நேரம் அனிமேஷனாக இருக்க வேண்டும். நடிகர் உடலில் சென்சார் பொருத்தி அசைவைப் பதிவு செய்யும் மோஷன் கேப்சரை மட்டும் வைத்து அனிமேஷன் என்று ஏற்க மாட்டார்கள். 2014ல் வந்த நம் 'கோச்சடையான்' பயன்படுத்திய தொழில்நுட்பம் இதுதான். இதே முறையில் உருவான ஸ்பீல்பெர்க்கின் 'டின்டின்' 2012 ஜனவரியில் கோல்டன் க்ளோப் வென்றும், ஆஸ்கார் அனிமேஷன் பிரிவில் பரிந்துரை பெறவில்லை.

ஒர்க் ஷீட் தயாரிக்கும் முறை

எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைத் திறந்து கொள்ளுங்கள்.

1. முதல் காலத்தில் தகுதிப் பட்டியலில் உள்ள படங்களின் பெயர்களை டைப் செய்யுங்கள்.
2. இரண்டாவது காலம்: அன்னி விருது. சிறந்த படம், சிறந்த சுயாதீனப் படம் என்ற இரு பிரிவுகளில் எதில் பரிந்துரை கிடைத்திருந்தாலும் 1 மதிப்பெண்.
3. மூன்றாவது காலம்: கோல்டன் க்ளோப் அனிமேஷன் பரிந்துரைக்கு 1.
4. நான்காவது காலம்: பிரான்சின் அன்னெசி விழாவில் உயரிய விருதான க்ரிஸ்டல் வென்றிருந்தால் 1.
5. ஐந்தாவது காலத்தில் ஆட்டோசம் கொடுத்துக் கூட்டி, அதிக மதிப்பெண் மேலே வரும்படி சார்ட் செய்யுங்கள்.

வசூலுக்கு ஒரு காலம் வேண்டாமா? வேண்டாம். காரணத்தைச் சோதனையிலேயே பார்க்கலாம்.

சோதித்துப் பார்ப்போம்

2024ஆம் ஆண்டுப் படங்களை இந்த ஷீட்டில் போட்டால் 'ஃப்ளோ', 'மெமோயர் ஆஃப் எ ஸ்நெயில்', 'இன்சைட் அவுட் 2', 'தி வைல்ட் ரோபோ', 'வாலஸ் அண்ட் க்ரோமிட்' ஆகிய ஐந்தும் 2 அல்லது அதற்கு மேல் பெறுகின்றன. பரிந்துரை பெற்றவையும் இதே ஐந்துதான்! 100 கோடி டாலர் வசூலைத் தாண்டிய 'மோவானா 2' ஒரே மதிப்பெண்ணுடன் வெளியே நின்றது.

2019ஆம் ஆண்டுப் படங்களில் ஐந்துக்கு நான்கு சரி. தவறியது 'ஃப்ரோசன் 2'. 140 கோடி டாலருக்கு மேல் வசூலித்தும் ஆஸ்கார் அனிமேஷன் பிரிவில் அதற்குப் பரிந்துரை கிடைக்கவில்லை. அதன் இடத்தில் நம் ஷீட்டில் ஒரே மதிப்பெண் பெற்ற 'க்ளௌஸ்' நுழைந்தது. ஆகவே ஒரு இடத்தை எப்போதும் சந்தேகத்துக்கு விட்டு வையுங்கள்.

நமக்கு என்ன பயன்?

மேலே சொன்ன 'ஃப்ளோ' 2025ல் ஆஸ்காரையே வென்றது. லாட்வியா என்ற சிறிய நாட்டின் இயக்குநர் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ், வசனமே இல்லாமல் ஒரு பூனையின் கதையைச் சொன்னார். அதற்கு அவர் பயன்படுத்தியது ப்ளெண்டர் என்ற இலவச சாப்ட்வேர். ஈரோட்டிலோ பொள்ளாச்சியிலோ இருக்கும் நீங்களும் அதே சாப்ட்வேரை ஒரு பைசா செலவில்லாமல் டவுண்லோட் செய்து கொள்ளலாம். முழுப்படம் எடுக்கப் பணமும் ஆட்களும் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் பழகுவதற்கு வேண்டாம். பெரும் தொகை கட்டி அனிமேஷன் கோர்ஸில் பிள்ளையைச் சேர்க்கும் முன், ஆறு மாதம் ப்ளெண்டரில் பழக விடுங்கள். ஆர்வம் நிலைக்கிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

அடுத்த தகுதிப் பட்டியல் வெளியானதும் ஷீட்டைத் திறந்து உங்கள் ஐந்தைக் குறித்து வையுங்கள். பரிந்துரை அறிவிப்பு வந்ததும் எத்தனை சரி என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.