கூகுளில் முதலிடம் விலைக்குக் கிடைக்காது

கடைக்குப் பெயர்ப்பலகை வைக்கும்போது நம் வணிகர்கள் காட்டும் அக்கறை ஊரறிந்தது. எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், தெருமுனையில் வரும்போதே தெரிய வேண்டும், இரவில் வெளிச்சம் விழ வேண்டும் என்று ஒவ்வொன்றையும் நேரில் நின்று பார்த்துச் செய்வோம். அதே வணிகர் கடைக்கு ஓர் இணையதளம் அமைக்கும்போது, "நமக்கு அதெல்லாம் தெரியாது, பையன் பார்த்துக்கொள்வான்" என்று முழுப் பொறுப்பையும் வேறொருவரிடம் விட்டுவிடுகிறார். பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

"உங்கள் கடையை ஒரே மாதத்தில் கூகுளில் முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம், கியாரண்டி உண்டு" என்று தொலைபேசியில் அழைப்போர் இன்று பெருகிவிட்டனர். தேடுபொறியில் ஒரு தளம் நன்கு தென்படும்படி செய்யும் வேலைக்கு எஸ்.இ.ஓ. என்று பெயர். வேலை உண்மையானதுதான், நேர்மையாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் என்ன செய்கிறார்கள் என்று கேட்கத் தெரியாமல் மாதாமாதம் பணம் கட்டுவது, எடை பார்க்காமல் சரக்கு இறக்குவது போன்றது. ஆகவே எந்தெந்த இடத்தில் தவறு நேர்கிறது என்பதை உறுப்பினர்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

ஒருவர் "துவரம் பருப்பு மொத்த விலை" என்று அடித்தவுடன் கூகுள் அந்த நிமிடமே ஊரெல்லாம் ஓடித் தேடுவதில்லை. அதன் கம்ப்யூட்டர் நிரல்கள் இரவு பகலாக இணையத்தைச் சுற்றிவந்து, கண்ட பக்கங்களை ஒரு பெரிய பேரேட்டில் ஏற்கெனவே பதிந்து வைத்திருக்கின்றன. கேள்வி வந்ததும் பேரேட்டைப் புரட்டி, பொருத்தமானவற்றை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. நம் பக்கம் பேரேட்டில் ஏறியிருக்கிறதா என்பது முதல் கேள்வி. எத்தனையாவது இடம் என்பது அதற்குப் பிறகுதான். முதல் கேள்வியைக் கேட்காமலே இரண்டாவதற்குப் பணம் கொடுப்பவர்கள் நம்மில் பலர்.

முதல் கேள்விக்குப் பதில் காணச் செலவில்லை. கூகுள் தேடல் கட்டத்தில் 'சைட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியை அடித்தால், பேரேட்டில் ஏறிய நம் பக்கங்கள் வரிசையாக வரும். ஒன்றும் வரவில்லை என்றால் விசாரிக்க வேண்டும். தளம் கட்டி முடியும்வரை தேடுபொறிகள் உள்ளே வர வேண்டாம் என்று கதவை அடைத்து வைப்பது வழக்கம். வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளில் அதற்கென ஒரு சிறு கட்டமே உண்டு. திறப்பு விழா நடத்திவிட்டு அந்த டிக் குறியை எடுக்க மறந்துவிடுகிறார்கள். ஷட்டரை இறக்கி வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் வரவில்லையே என்று கவலைப்படுவது போலத்தான் இது.

இனி 'கியாரண்டி'க்கு வருவோம். தேடல் முடிவில் முதலிடம் தருவதாக யாராலும் உறுதி கூற முடியாது என்று கூகுள் நிறுவனமே தன் வழிகாட்டிக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறது. நல்ல ஆளை வைத்து வேலை செய்தாலும் பலன் தெரிய 4 மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. அப்படியானால் ஒரே மாதத்தில் முதலிடத்தைக் காட்டுகிறார்களே, அது எப்படி?

வழிகள் சில உண்டு. நம் கடையின் பெயரையே அடித்து, "பாருங்கள், முதலில் வருகிறது" என்பார்கள். நம் பெயரை ஏற்கெனவே அறிந்தவர்தான் அதைத் தேடுவார். அதில் முதலாவதாக வருவது பெரிய சாதனை இல்லை. அல்லது யாரும் தேடாத நீண்ட சொற்றொடர் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். போட்டியில்லாத பந்தயத்தில் ஓடுகிறவன்தானே முதல். இன்னும் சிலர் கூகுளுக்கு விளம்பரக் கட்டணம் கட்டி மேலே வரவைத்துவிட்டு, அதை எஸ்.இ.ஓ. பலன் என்று காட்டுவதும் உண்டு. விளம்பர முடிவுகளின் மேல் அவ்வாறே குறிப்பு இருக்கும். பணம் நின்ற அன்றே அந்த இடமும் போய்விடும். விளம்பரம் கொடுப்பதில் தவறில்லை, ஆனால் அதனால் இயல்பான வரிசையில் இடம் உயராது. இரண்டுக்கும் தனித்தனியே கணக்குக் கேட்பதே முறை. மேலும், கூகுள் ஆளுக்கும் இடத்துக்கும் தக்கபடி முடிவுகளை மாற்றிக் காட்டுவதால், கடைக்குள் நின்று நம் போனில் பார்ப்பது சரியான சோதனை ஆகாது. கூகுள் இலவசமாகத் தரும் 'சர்ச் கன்சோல்' என்ற கணக்கில், எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு நம் தளம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பது பதிவாகிறது. அதைத் திறந்து காட்ட மறுப்பவரிடம் தொடர்ந்து பணம் கட்ட வேண்டியதில்லை என்பது நம் கருத்து.

பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. புதிய வியாபாரி ஒருவர் மண்டியில் கடனுக்குச் சரக்கு கேட்டால், யார் சொல்லி வந்தார் என்று விசாரிக்கிறோம் அல்லவா? 1998-ல் லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் கூகுளைத் தொடங்கியபோது இதே முறையைத்தான் கையாண்டார்கள். ஒரு தளத்துக்கு மற்றத் தளங்கள் கொடுக்கும் இணைப்புகளைச் சிபாரிசாக எடுத்துக்கொண்டு, நல்ல இடத்துச் சிபாரிசு அதிகமுள்ள பக்கத்தை மேலே வைத்தார்கள். சிபாரிசுக்கு மதிப்பு வந்தால் சிபாரிசை விற்பவனும் வருவான். ஆயிரக்கணக்கான இணைப்புகளை மொத்த விலைக்குத் தருகிறேன் என்று சொல்பவர்கள் விற்பது இதைத்தான். கூகுளின் விதிப்படி அது மோசடி.

இதன் விளைவை அமெரிக்காவின் ஜே.சி.பென்னி என்ற பெரும் சில்லறை நிறுவனம் அனுபவித்தது. 2010-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் வியாபார காலத்தில் ஆடை, படுக்கை விரிப்பு, தரை விரிப்பு என்று எதைத் தேடினாலும் அந்நிறுவனமே முன்னால் நின்றது. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஆராய்ந்தபோது, தொடர்பே இல்லாத நூற்றுக்கணக்கான தளங்களில் அதற்கு ஆயிரக்கணக்கான இணைப்புகள் போடப்பட்டிருந்தது தெரியவந்தது. கூகுள் நடவடிக்கை எடுத்தது. 59 தேடல் சொற்களுக்குப் பிப்ரவரி 1-ஆம் தேதி சராசரி 1.3-ஆக இருந்த அதன் இடம், 10-ஆம் தேதி 52-ஆகிவிட்டது. தமக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்ன நிறுவனம், அந்த வேலையைப் பார்த்த ஆலோசகரை நீக்கியது. நீக்கி என்ன, இடம் போனது கடைக்காரருக்குத்தான். 2013 பிப்ரவரியில் இங்கிலாந்தின் இன்டர்ஃபுளோரா என்ற பூ வியாபார நிறுவனம் இதே போன்ற குற்றத்துக்காக 11 நாள் தன் சொந்தப் பெயரைத் தேடினால்கூடக் கிடைக்காமல் போனது. அங்கே அன்னையர் தினப் பூ வியாபாரம் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. தீபாவளிக்கு முன் பத்து நாள் நம் கடை மறைந்து போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

சொற்களைக் கொட்டுவது இன்னொரு பழைய நோய். பக்கத்தின் அடியில் "மதுரை மளிகை, மதுரை மளிகைக் கடை, மதுரையில் சிறந்த மளிகை" என்று நாற்பது முறை எழுதுவார்கள்; சிலர் வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக மறைத்தும் வைப்பார்கள். கூகுள் இதையெல்லாம் எப்போதோ கண்டுகொண்டது. பக்கத்தின் பின்னால் சேர்க்கும் 'கீவேர்ட்ஸ்' பட்டியலை வரிசைப்படுத்தக் கணக்கில் எடுப்பதில்லை என்று 2009-லேயே அறிவித்துவிட்டது. இன்றும் அதற்கென்று பில் போடுகிறவர் இருந்தால், செல்லாத நோட்டைக் கொடுக்கிறார் என்று பொருள். கடை ஓர் ஊரில் இருக்க, சுற்றியுள்ள ஐம்பது ஊர்களுக்கும் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஐம்பது பக்கம் போடுவதும் விதிமீறலே. தேடுபொறிக்கு ஒரு பக்கமும் ஆளுக்கு வேறு பக்கமும் காட்டியதற்காக பி.எம்.டபிள்யூ. கார் நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தையே 2006-ல் கூகுள் நீக்கியது.

தமிழ்க் கடைகளுக்கென்றே உள்ள ஒரு தவறை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். விலைப்பட்டியலை அச்சகத்தில் அடித்து வாங்கி, அப்படியே தளத்திலும் ஏற்றிவிடுகிறோம். அச்சகங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்தவை. கண்ணுக்கு 'துவரம் பருப்பு' என்று தெரிவது, கம்ப்யூட்டருக்கு ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த பொருளற்ற கோவை. கைப்பேசியில் தமிழில் அடிப்பவர் யூனிகோடில் அடிக்கிறார். இரண்டும் ஒருநாளும் சந்திக்காது. பழைய எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, சில நிமிட வேலைதான். பட்டியலைப் போட்டோ எடுத்துப் போடுவதும் இதே ரகம். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி படிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. எழுத்தை எழுத்தாகவே போட வேண்டும்.

சொல்லிலும் கவனம் தேவை. பில்லில் நாம் 'டி.பருப்பு' என்று சுருக்கி எழுதுவோம்; வாடிக்கையாளர் அப்படித் தேட மாட்டார். ஒருவர் தமிழில் அடிப்பார், ஒருவர் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடிப்பார், மற்றொருவர் 'தூர் தால்' என்பார். மூன்றும் பக்கத்தில் இயல்பாக ஒருமுறை வந்தால் போதும். பொருளைப் பற்றிய விவரத்தையோ, கம்பெனி கொடுத்ததை அப்படியே ஒட்டுகிறோம். அதே வாசகம் நூறு கடைகளின் தளத்தில் இருக்கும்போது நம்முடையதை மட்டும் கூகுள் எதற்கு எடுத்துக் காட்ட வேண்டும்? குண்டு மிளகாய்க்கும் சம்பா மிளகாய்க்கும் உள்ள வேறுபாடு, பழைய பொன்னி அரிசிக்குத் தண்ணீர் எவ்வளவு வைப்பது, சாம்பாருக்கு எந்தப் பருப்பு விரைவில் குழையும் என்றெல்லாம் கல்லாவில் நின்று தினமும் சொல்கிறோமே, அதை எழுதினால் அது நம் சரக்கு. 'பருப்பின் மருத்துவ குணங்கள்' போன்ற பொதுக் கட்டுரைகளுக்குக் காசு கொடுப்பது இப்போது இன்னும் வீண். 2024 ஆகஸ்டு முதல் இந்தியாவிலும் கூகுள் பல கேள்விகளுக்குத் தானே விடையைத் தொகுத்து மேலே காட்டிவிடுகிறது.

கைப்பேசியில் தளம் எப்படித் தெரிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தளத்தின் கைப்பேசி வடிவத்தையே கூகுள் முதன்மையாகப் படிக்கிறது; இந்த மாற்றம் 2023 அக்டோபரில் நிறைவேறியது. விலை குறைந்த போன் ஒன்றில் திறந்து பார்த்தால் நிலைமை விளங்கிவிடும்.

சில்லறைக் கடைக்குத் தளத்தைவிட முக்கியமானது கூகுள் வரைபடத்தில் வரும் கடை விவரம். அதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. "புதுப்பிக்கப் பணம் கட்டுங்கள், இல்லாவிட்டால் நீக்கிவிடுவோம்" என்று அழைப்பவர் ஏமாற்றுக்காரர். கடைப் பெயரோடு 'ஊரின் சிறந்த மளிகை, குறைந்த விலை' என்று வால் சேர்த்தால் விவரமே முடக்கப்படலாம். பலகையில் உள்ள பெயரை அப்படியே கொடுக்க வேண்டும். தொலைபேசி எண், நேரம், விடுமுறை இவற்றில் திருத்தம் செய்யும்படி வெளியாரும் கூகுளுக்குப் பரிந்துரைக்க முடியும் என்பதால் மாதம் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. ஐந்து நட்சத்திரம் போடுபவர்களுக்குத் தள்ளுபடி என்று அட்டை எழுதித் தொங்கவிடும் வழக்கம் சில ஊர்களில் பரவியிருக்கிறது. மதிப்புரைக்குச் சன்மானம் கொடுப்பதும் கூகுளின் விதிக்கு எதிரானது. இணைய மதிப்புரைகளுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரத்தை வெளியிட்டிருக்கிறது.

கடைசியாக, தளத்தின் பெயரும் கணக்குகளும் யார் பெயரில் உள்ளன என்ற விஷயம். முகவரிப் பெயரைப் பதிவு செய்த மின்னஞ்சல், வரைபட விவரத்தின் ஜிமெயில் ஆகியவை தளம் அமைத்தவரின் பெயரில் இருந்தால், அவரோடு மனஸ்தாபம் வரும் அன்று கடையின் இணைய முகவரி நம் கையில் இருக்காது. பிறகு புது முகவரியில் தளம் திறந்தால், பழைய முகவரி பல ஆண்டுகளில் சேர்த்த சிபாரிசு முழுவதும் பூஜ்யம். நாமே விரும்பிப் பக்கங்களின் முகவரியை மாற்றினாலும், 'கடை எதிர்ப்புறம் மாற்றப்பட்டுள்ளது' என்று பழைய வாசலில் பலகை வைப்பது போல, பழையதிலிருந்து புதியதற்கு நிரந்தர மாற்றுவழி போடச் சொல்ல வேண்டும். '301' என்றால் தளம் அமைப்பவர்களுக்குப் புரியும்.

இலவசமாகக் கிடைத்ததை நம்பியவர்கள் கதையும் உண்டு. வரைபட விவரத்தோடு கூகுளே ஒரு சிறு இணையதளத்தைச் சிறு கடைகளுக்கு இலவசமாகக் கொடுத்துவந்தது. 2024 மார்ச்சில் அவை அனைத்தையும் நிறுத்திவிட்டது. சில மாதங்கள் கடை விவரத்துக்குத் திருப்பி விட்டார்கள்; அதன் பிறகு அதுவும் இல்லை. பில் புத்தகத்திலும் துணிப்பையிலும் அந்தப் பழைய முகவரி இன்னும் அச்சாகிக்கொண்டிருந்தால், அடுத்த முறை அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் நீக்கிவிடவும்.