நெருப்பில் நிற்கும் உலோகங்கள் – 9: ஒடுக்கு விழுந்த எஃகு

சென்ற வாரம் விமான எஞ்சினுக்குள் இருந்தோம். அங்கே உலோகத்துக்கு எதிரி வெப்பம். இந்த வாரம் கல்பாக்கம். இங்கே வெப்பத்தைவிடப் பொல்லாத எதிரி ஒன்று உண்டு: நியூட்ரான்.

கல்பாக்கத்தின் 500 மெகாவாட் வேக ஈனுலையில் எரிபொருள் வில்லைகளை ஒல்லியான எஃகுக் குழாய்களில் அடுக்குகிறார்கள். குழாயின் வெளிவிட்டம் 6.6 மில்லிமீட்டர், சுவரின் தடிமன் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, 0.45தான். இப்படி 217 குழாய்கள் சேர்ந்தது ஒரு கட்டு. குழாய்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் உருகிய சோடியம் ஏறத்தாழ 400 டிகிரியில் நுழைந்து 550 டிகிரியில் வெளியேறும்.

இந்த எஃகு நம் வீட்டு எவர்சில்வருக்குப் பங்காளி முறை. டம்ளரில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் இருக்கும். இதில் இரண்டும் சுமார் 15 சதவீதம், கூடவே மாலிப்டினம், துளி டைட்டானியம். பெயர் டி9.

துருப்பிடிக்காத எஃகுக்கு என்ன ஆகும் என்று 1960களில் பலரும் நிம்மதியாக இருந்தார்கள். ஸ்காட்லாந்தின் வடகோடியில் டூன்ரே வேக உலையில் இருந்து எடுத்த எஃகைக் காதார்ன், ஃபுல்டன் என்ற இரு ஆய்வாளர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உள்ளே கண்ணுக்குத் தெரியாத பொத்தல்கள். 1967-ல் ‘நேச்சர்’ இதழில் அது வெளியானது.

காரணம் இதுதான். வேக நியூட்ரான் மோதினால் அணு தன் இடத்தைவிட்டுத் தெறிக்கும். விட்டுவந்த இடம் காலி, வந்த இடத்தில் நெரிசல். உலையில் இருக்கும் காலத்துக்குள் ஒவ்வோர் அணுவும் சராசரியாகப் பல பத்து முறை இப்படி இடம்பெயர்கிறது. பெரும்பாலானவை உடனே ஏதோவொரு காலியிடத்தில் அடைந்துவிடும். மிஞ்சிய காலியிடங்கள் கூடிக்கொண்டால் பொத்தல். பொத்தல்கள் பெருகினால் எஃகு வீங்கும். குழாய் பருத்தால் சோடியம் ஓடும் சந்து குறுகும். கட்டைச் சுற்றிய அறுகோண உறை வளைந்தால் அதை உலையிலிருந்து உருவி எடுப்பதே பாடு.

குறையே இல்லாத எஃகைச் செய்தால் தப்பிக்கலாம் என்று தோன்றும். நடந்தது நேர்மாறு. குழாயைச் சூடாக்காமலே அச்சில் இழுத்து, குறுக்குப் பரப்பைச் சுமார் 20 சதவீதம் ஒடுக்குகிறார்கள். படிக அடுக்குகள் உள்ளே கலைந்து, எண்ணற்ற பிசகுகள் விழுகின்றன. எவர்சில்வர் டம்ளரில் ஒடுக்கு விழுந்த இடம் மற்ற இடங்களைவிடக் கெட்டியாக இருப்பதும் இதனால்தான். உலைக்குள் இந்தப் பிசகுகள் வடிகால்கள்: தெறித்த அணுவும் காலியிடமும் அங்கே போய் அடங்கிவிடுகின்றன, கூட்டம் சேர்வதில்லை. வெப்பத்தில் பிசகுகள் ஆறிப்போகாமல் பிடித்துவைப்பது டைட்டானியம் கார்பைடு நுண்துகள்களின் வேலை. காயப்படுத்தி அனுப்பிய எஃகுதான் காயத்தைத் தாங்குகிறது.

ஆனால் இதுவும் தவணை வாங்குவதுதான். டி9-உம் ஒரு கட்டத்தில் வீங்கத் தொடங்கும். பாஸ்பரஸ், சிலிக்கான் அளவுகளைத் திருத்திய அடுத்த ரகத்தைக் கல்பாக்கத்தில் உருவாக்கியிருக்கிறார்கள். ஃபெர்ரைட் வகை எஃகோ வெகு குறைவாகவே வீங்கும். ஆனால் 600 டிகிரியை நெருங்கும்போது தளர்ந்துவிடும்.

அந்தத் தளர்ச்சிக்கு மருந்து ஒரு வெள்ளைப் பொடி. அதை எஃகில் உருக்கிக் கலக்க முடியாது. அரைத்துத்தான் சேர்க்க வேண்டும். அந்த அரவை அடுத்த வாரம்.

(தொடரும்)