ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது யார்?



"ஆராய்ச்சியில் கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்று செய்தித்தாளில் அடிக்கடி வாசிக்கிறோம். அந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது யார் என்று கேட்பவர்கள் வெகு சிலரே. ஏன் கேட்கவேண்டும் என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன்.

1960-களில் அமெரிக்காவில், இருதய நோய்க்குக் காரணம் கொழுப்பா, சர்க்கரையா என்ற விவாதம் நடந்துவந்தது. 1967-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் ஹார்வர்டு பல்கலைக்கழக அறிஞர்கள் மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். அது சர்க்கரைக்கு எதிரான சான்றுகளைக் குறைத்து மதிப்பிட்டு, கொழுப்பின்மேல் பழியைச் சுமத்தியது.

அதை எழுதச் சர்க்கரைத் தொழிலின் 'சுகர் ரிசர்ச் ஃபவுண்டேஷன்' 6,500 டாலர் கொடுத்திருந்தது. கட்டுரையின் நோக்கத்தை வகுத்ததும், அச்சேறுமுன் கையெழுத்துப் பிரதியைப் பெற்றதும் அந்த அமைப்பே. ஆனால் கட்டுரையில் அதன் பெயர் இல்லை. 2016-இல் ஆய்வாளர்கள் பழைய கடிதங்களைத் தேடியெடுத்து வெளியிட்டபோதுதான் உலகம் அறிந்தது.

பணம் வாங்கினவரெல்லாம் பொய்யர் என்பதல்ல. அந்நாளில் அவ்விதழில் அப்படி அறிவிக்கும் விதியும் கிடையாது. அது 1984-இல்தான் வந்தது. கொழுப்பு குற்றமற்றது என்றும் இதனால் ஆகிவிடாது. ஆனாலும் "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது மனித இயல்பு. வீட்டில் நற்பண்பாகிய அந்த நன்றியுணர்வே ஆராய்ச்சியில் ஆபத்தாகிறது. எதை ஆராய்வது, எதோடு ஒப்பிடுவது, எந்த முடிவை வெளியிடாமல் விடுவது என்பவற்றில் அது ஓசையின்றி நுழைந்துவிடும். பணம் வந்த வழியை அறிவிப்பது இச்சார்பை நீக்கிவிடாது. ஆனால் வாசிப்பவர் எடைபோட்டுப் பார்க்க இடம் கொடுக்கும்.

நம் நாட்டில் 2009 ஜூன் 15 முதல், மருந்துப் பரிசோதனைகளை இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் முன்னதாகவே பதிவு செய்வது கட்டாயம். பணம் தருபவர் யார் என்பதும் அதில் இருக்கும். யாரும் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் வீட்டார் ஒருவரைப் பரிசோதனையில் சேரும்படி கேட்டால், கையெழுத்திடுமுன் தயங்காமல் மூன்று கேள்வி கேளுங்கள்: செலவு யாருடையது? மருத்துவருக்கு இதில் என்ன வருமானம்? முடிவு பாதகமாக வந்தாலும் வெளியிடுவீர்களா?

காணிக்கை கொடுத்து ரசீதும் கணக்கும் கேட்கும் உங்களுக்கு இது புதிதல்ல. கொடுத்தவர் பெயரை வெளியே சொல்லக் கூசவேண்டிய பணமானால், அதை வாங்குமுன்னே யோசிக்கவேண்டும்.