களைக்கொல்லியும் கிணற்று நீரும்

களையெடுக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட இந்நாளில், கம்பம் பள்ளத்தாக்கின் தோட்டங்களில் களைக்கொல்லி புகுந்ததில் வியப்பில்லை. சங்கக் கிடங்கைத் தணிக்கை செய்யும்போது மருந்துப் புட்டிகளை எண்ணி, இருப்புப் பதிவேட்டுடன் ஒப்பிடுகிறோம். விற்றது எத்தனை, மீந்தது எத்தனை என்பதற்கெல்லாம் பத்தி உண்டு. தெளித்த மருந்து பிறகு எங்கே போகிறது என்பதற்குப் பத்தி இல்லை. அதைக் குறித்தே இங்கு எழுதலானோம்.

மண் அம்மருந்தை எவ்வளவு இறுகப் பற்றுகிறது, மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை எவ்வளவு விரைவில் சிதைக்கின்றன என்னும் இரண்டுமே அதன் கதியைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன. சிதைவை அரை ஆயுளால் அளப்பர். வட்டி ஏறும் கணக்கை அறிந்த நம் அங்கத்தினர்களுக்கு இந்தக் குறையும் கணக்கு கடினமன்று. மக்காச்சோளத்திற்கு இடும் அட்ரசீனின் அரை ஆயுள் சுமார் 60 நாள். அதாவது 60-ஆம் நாள் பாதியும், 120-ஆம் நாள் கால் பங்கும் எஞ்சி நிற்கும். 2,4-டி என்பதோ சுமார் 10 நாளிலேயே பாதியாகிவிடும். மண் அதனை இறுகப் பிடிப்பதில்லையாயினும், ஆழத்திற்கு இறங்குமுன் பெரும்பகுதி அழிந்துபோகிறது. கிளைபோசேட் மண்ணோடு ஒட்டிக்கொள்வதால் எளிதில் கீழிறங்காது. மழை மேல்மண்ணை அரித்தால் அம்மண்ணோடு ஓடைக்குப் போய்ச் சேரும். பாராகுவாட்டைக் களிமண் விடவே விடாது. கிணற்றுக்கு அதனால் அச்சம் குறைவு; ஆனால் விழுங்கியவருக்கு மாற்று மருந்தே இல்லாத நஞ்சு அது.

எனவே கிணற்றைப் பொறுத்தமட்டில் அட்ரசீனே நம் கவலை. மண்ணில் தளர்வாக ஒட்டுவது, சிதையவும் நாளாவது. மேல்மண்ணைத் தாண்டிவிட்டால் மக்கும் நுண்ணுயிரும் குறைவு; ஆதலால் அங்கே சிதைவு மிகவும் மந்தமாகும். ஜெர்மனி 1991-ஆம் ஆண்டிலேயே இதனைத் தடை செய்தது. பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்நாட்டு நிலத்தடி நீரில் அது காணப்பட்டது. நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரம், ஒரு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் அட்ரசீனுக்கு மேல் கூடாது என்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால், 2 கிராம் கரைந்து 10 லட்சம் லிட்டர் நீரை அந்த வரம்பில் கொண்டுபோய் நிறுத்தும்!

நம் பள்ளத்தாக்கின் வளமே இங்கு ஓர் எச்சரிக்கை. 1895-ல் பெரியாறு அணை கட்டி முடிந்து, மலை குடைந்த வழியே நீர் கிழக்கே திரும்பியது. அப்பாசனத்தில் இருபோக நெல்வயல் மட்டும் 14,707 ஏக்கர். வயலிலும் வாய்க்காலிலும் கசியும் நீர் கிணறுகளுக்கு ஊற்றாகிறது. நீர் இறங்கும் வழியே மருந்துக்கும் வழி. மக்குச் சத்துக் குறைந்த மணற்பாங்கான நிலத்தில் அவ்வழி இன்னும் எளிது. தொழுவுரம் மிகுந்த நிலமோ மருந்தைத் தடுத்து நிறுத்திச் சிதைவுக்கு அவகாசம் தருகிறது.

நெசவாளத் தோழர்கள் ‘எமக்கென்ன?’ என்று இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. பாவுக்குக் கஞ்சி காய்ச்சக் கிணற்றில் இறைப்பதும் இதே நிலத்தடி நீர்தான்.

மண்வழி இறங்குவதை விடக் கொடிய குறுக்குவழி ஒன்றும் உண்டு. கிணற்று மேட்டிலேயே மருந்து கலப்பதும், தெளிப்பானை அங்கேயே கழுவுவதும் சகஜமாகிவிட்டன. அங்கே சிந்துவது மண்ணைத் தொடாமலே கிணற்றில் விழும். சிதைக்க எந்த நுண்ணுயிரும் வழியில் இல்லை. கலப்பதை வயல் நடுவில் வைத்துக்கொள்க. கழுவிய நீரைத் தெளித்த வயலிலேயே பரவலாக ஊற்றுக. தொட்டி நிரப்பும் குழாய் முனை மருந்து நீருள் மூழ்கியிருந்தால், மோட்டார் நின்றதும் மருந்து கிணற்றுக்கே திரும்பக்கூடும். மழை மூட்டமிருந்தால் தெளிப்பதை ஒத்திப்போடுக. தெளித்த கையோடு வெள்ளமாய் நீர் பாய்ச்சவும் வேண்டா.

சங்கக் காரியதரிசிகளுக்கு ஒரு வார்த்தை. கொள்முதல் பட்டியலில் ‘களை மருந்து’ என்று மட்டும் எழுதுவதை விடுத்து, புட்டியில் அச்சிட்ட மூலப்பொருளின் பெயரையும் எந்தப் பயிருக்கு அனுமதி என்பதையும் சேர்த்தெழுதச் சொல்கிறோம். அடுத்த தணிக்கையில் அந்தப் பத்தியை முதலில் பார்ப்போம்.