கீரைத் தண்டும் வீணில்லை

ரமணாசிரமத்துச் சமையற்கட்டுக்குக் கட்டுக்கட்டாகக் கீரை வந்து இறங்கும் நாட்களில், பகவான் ரமணர் அதை மூன்றாகப் பிரிப்பாராம். இலை பொரியலுக்கு, தண்டு சாம்பாருக்கு. வேரையும் விடுவதில்லை. மண் போகக் கழுவி, நசுக்கிப் பிழிந்து, அந்தச் சாறு ரசத்தில் சேரும். அந்த அடுப்படியில் அவருடன் வேலை செய்த பெண்கள் இதைத் தங்கள் நினைவுகளில் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ரமணர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சோபாவில் சாய்ந்து மௌனமாக இருக்கும் படம்தான். திருச்சுழியில் பிறந்து, 1896 செப்டம்பர் 1ஆம் தேதி பதினாறு வயதில் அண்ணாமலைக்கு வந்து சேர்ந்து, குகைகளில் இருந்த மனிதர். தாயார் அழகம்மாள் 1922இல் சமாதியானபின் மலையடிவாரத்தில், அந்தச் சமாதியைச் சுற்றி ஆசிரமம் வளர்ந்தது. அதன்பின் பல வருடங்கள் விடியுமுன்பே எழுந்து சமையற்கட்டுக்குப் போய்க் காய் நறுக்கினார், சட்னி அரைத்தார், உப்புப் பார்த்தார். கூட்டம் பெருகிய பிறகுதான் அது நின்றது. தலைவர் சமையலறைக்குள் வந்து போவது வேறு, தலைவரே சமைப்பது வேறு. முதலாவதைப் படம் எடுத்துப் போடலாம். இரண்டாவது நடக்கும் இடத்தில், கூட நிற்பவர்கள் அரைகுறையாக வேலை செய்ய முடியாது.

சம்பூர்ணம்மாள், சுப்புலட்சுமி அம்மாள், சாந்தம்மாள் போன்றவர்கள் அங்கே கற்றது சமையல் மட்டுமல்ல. சிந்திய கடுகைப் பொறுக்கி எடுத்து வைப்பவரின் பக்கத்தில் நின்று வேலை செய்தார்கள். கஞ்சத்தனம் என்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொருளை அலட்சியம் செய்கிறவன் வேலையையும் அலட்சியம் செய்வான் என்பது எந்தப் பட்டறை மேஸ்திரிக்கும் தெரியும்.

பந்தியில் அவருடைய சட்டம் இன்னும் கறாரானது. தன் இலையில் மற்றவர்களைவிட ஒரு கரண்டி கூட விழுந்தால் கோபித்துக்கொள்வார். எல்லாருக்கும் கிடைக்காத பண்டம் தனக்கும் வேண்டாம் என்பார். நம் ஊரில் பெரியவர் இலைக்குத் தனி உபசாரம் என்பது யாரும் சொல்லித்தராமலே வருகிற பழக்கம். அதை அவர் உபதேசம் செய்து மாற்றவில்லை, தன் இலையை வைத்து மாற்றினார். ஆனால் அதே சாப்பாட்டுக் கூடத்தில் ஆசாரம் பார்க்கும் பிராமணர்களுக்காக ஒரு தடுப்பு இருந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. இரு பக்கமும் தெரியும்படி ரமணர் உட்கார்ந்தார். தடுப்பை அவர் எடுக்கச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்று கேட்பது நியாயமான கேள்விதான்.

எழுத்து வேலையிலும் இதே கை. ஆசிரமத்துக்கு வரும் கடிதங்களுக்கு எழுதிய பதில்கள் தபாலுக்குப் போகுமுன் அவர் பார்வைக்குப் போகும். புத்தகங்களுக்குப் புரூஃப் திருத்துவார். பிய்ந்த நூல்களைப் பைண்டு செய்வார். வீணாகப் போகும் துண்டுக் காகிதங்களைத் தைத்து நோட்டாக்குவார்.

இத்தனையும் ரமணர் ஒருவரால் நிலைத்தது என்று முடித்தால் கதை அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. நிர்வாகம் தம்பி சின்னசாமியின் கையில் இருந்தது. சந்நியாசப் பெயர் நிரஞ்சனானந்த சுவாமி, பதவி சர்வாதிகாரி, அதாவது முழு நிர்வாகப் பொறுப்பாளர். கண்டிப்பானவர், பக்தர்கள் பலருக்கு அவரைப் பிடிக்காது. கோசாலை கட்டும்போது சின்னதாக இருந்தால் போதும் என்றார் அவர். கட்டட வேலையைக் கவனித்த அண்ணாமலை சுவாமியிடம் பெரிதாகக் கட்டச் சொன்னவர் ரமணர். நடுவில் மாட்டிக்கொண்டவர் அண்ணாமலை சுவாமி! பெரிதாகவே கட்டினார். வருங்காலத் தேவையைப் பார்த்தது அண்ணனின் கண் என்றால், இன்றைய செலவைப் பார்த்தது தம்பியின் கண்.

ஆனால் தாயின் சமாதி மேல் மாத்ருபூதேசுவரர் கோயில் எழும்பியது இந்தத் தம்பியின் பிடிவாதத்தால். உலகப்போர் காலத்திலும் விடாமல், கையில் பணம் இல்லாதபோதும் நிறுத்தாமல் கொண்டுபோய், வைத்தியநாத ஸ்தபதியின் கைவண்ணத்தில் முடித்து, 1949 மார்ச் 17இல் கும்பாபிஷேகம் நடத்தினார். தரத்துக்கு ஒரு முன்மாதிரி வேண்டும். அதைத் தினமும் கணக்குப் பார்த்து, கெட்ட பெயர் வாங்கிக்கொண்டு காப்பாற்ற இன்னொருவரும் வேண்டும். நிறுவனங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டாமவரை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

சொத்து யாருடையது என்று 1930களில் ஒரு பழைய பக்தரே வழக்குப் போட்டார். ரமணர் சாட்சியம் சொல்ல நேர்ந்தது. 1938இல் உயில் எழுதி, தனக்குப் பிறகு நிர்வாகம் தம்பிக்கும் அவர் வழியினருக்கும் என்று தெளிவாக்கினார். துறவிக்கு எதற்கு உயில் என்று கேட்டவர்கள் உண்டு. 1950 ஏப்ரல் 14 இரவு அவர் மறைந்ததும் பக்தர்கள் கலைந்தார்கள், வரவு குறைந்தது. 1953இல் சின்னசாமியும் போனார். அந்த உயிலின்படி அவருடைய மகன் டி. என். வெங்கடராமன் பொறுப்பேற்றுக் கஷ்ட காலத்தைத் தாண்டினார். அந்த வருடங்களிலும் வேதபாராயணமோ பூஜையோ நின்றதில்லை, பந்திக்கு முன் சாதுக்களுக்குச் சோறு போடும் வழக்கமும் விட்டுப்போகவில்லை. 1964 ஜனவரியில் ரமண பக்தர் ஆர்தர் ஆஸ்பர்ன் ஆசிரியராக இருந்து ‘தி மவுண்டன் பாத்’ என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். அது இன்றும் வருகிறது.