எடுக்காத அழைப்பும் திறந்த கதவும்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்க்கும் ஊருக்கும் இடையே இன்று பாலமாக நிற்பது பெரும்பாலும் வாட்ஸப். தில்லியில் உத்தியோகம் பார்க்கும் மகன் தென்காசியிலுள்ள தாயின் குரலைக் கேட்பதும், பேரனின் முதல் நடையைப் பாட்டி காண்பதும் அதன் வழியேதான். அக்கருவியின் அழைப்பு மணியே வேவுகாரர்க்கு வாயிலாக அமைந்த நிகழ்ச்சி ஒன்று 2019-ஆம் ஆண்டில் நடந்தது.

அவ்வாண்டு ஏப்ரல் இறுதி முதல் மே 10 வரை, பல நாடுகளில் ஏறத்தாழ 1,400 கைப்பேசிகள் தாக்கப்பட்டன. இஸ்ரேல் நாட்டின் என்.எஸ்.ஓ. நிறுவனம் ஆக்கிய 'பெகாசஸ்' என்னும் வேவு நிரல் அவற்றினுள் புகுத்தப்பட்டது. அழைப்பை எடுக்க வேண்டியதுகூட இல்லை. அது வந்தாலே போதும். வந்த தடயமும் சில வேளை பட்டியலிலிருந்து மறைந்துபோயிற்று.

இது எங்ஙனம் இயலும்? நமக்குப் பழக்கமான அரசாங்கக் கோப்பைக் கொண்டு விளக்குகிறேன். கோப்பில் வெளியார் எழுதிய கடிதங்கள் ஒருபுறம் இருக்கும். அதிகாரிகள் குறிப்பும் ஆணையும் எழுதும் தாள்கள் மறுபுறம். எழுத்தர் கடிதத்தைப் படிப்பார். ஆனால் ஆணைத்தாளில் உள்ளதையே நிறைவேற்றுவார். கடிதத்துக்கென ஒதுக்கிய இடம் எவ்வளவு என்று பாராமல், மிக நெடிய கடிதம் ஒன்றைப் பதிந்துவிட்டார்கள் என்று கொள்வோம். அது தன் எல்லையைக் கடந்து ஆணைத்தாளின்மேல் வழிகிறது. வழிந்த வரியோ, 'பெட்டகத்தைத் திறக்க' என்பது! எழுத்தர் அதனை மேலதிகாரியின் ஆணை என்றே கொண்டு திறந்துவிடுகிறார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. அளவு பாராமல் பதிந்ததே பிழை.

கைப்பேசியின் நினைவகத்தில் நடந்ததும் இதுவே. குரல் அழைப்பின்போது இரு முனைகளும் ஒலியின் தரத்தைக் கவனிக்கச் சிறு குறிப்புகளைப் பரிமாறிக்கொள்ளும். அக்குறிப்புகளைத் தாக்குவோர் வஞ்சகமாகத் திரித்து அனுப்பினர். பெறும் மென்பொருள் அளவைச் சரிவரச் சோதிக்கவில்லை. அயலாரின் கட்டளை உள்ளே நுழைந்தது.

திருடன் உள்ளே நடமாடும்போதே பூட்டை மாற்றுவது எளிதன்று. வாட்ஸப் நிறுவனம் மே 10-இல் முதலில் தன் நடுவண் கணினிகளில் தடையிட்டது. பயனர் எதுவும் செய்யாமலே அனைவரையும் காக்கும் வழி அது. ஆயினும் பிழை கைப்பேசியில் அல்லவா இருந்தது? ஆகவே மே 13-இல் திருத்திய பதிப்பை வெளியிட்டு, அனைவரும் அதற்கு மாறுமாறு வேண்டிற்று. நம் நாட்டின் செர்ட்-இன் அமைப்பும் அதே மாதம் எச்சரிக்கை விடுத்தது. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு: அப்பதிப்புடன் வந்த குறிப்பில் இவ்வாபத்தைப் பற்றித் தெளிவான சொல் எதுவும் இல்லை. ஆபத்து இன்னதென்று கூறாத அறிவிப்பைக் கண்டு எவர் விரைவார்?

பிறகு, டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் துணையுடன் பாதிக்கப்பட்டோர் கண்டறியப்பட்டுத் தனித்தனியே தகவல் பெற்றனர். இந்தியப் பத்திரிகையாளரும் வழக்கறிஞரும் அவர்களுள் இருந்தனர். அக்டோபர் 29-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 2025 மே மாதம் ஜூரிகள் விதித்த சுமார் 16.8 கோடி டாலரை அக்டோபரில் நீதிபதி ஏறத்தாழ 40 லட்சமாகக் குறைத்தார். ஆயினும் அந்நிறுவனம் வாட்ஸப்பைத் தாக்கலாகாது எனத் தடை விதித்தார்.

செய்திகள் மறையெழுத்தில் செல்கின்றனவே, பிறகென்ன அச்சம் என்று சிலர் வினவினர். மறையெழுத்து வழியிடையில்தான் காக்கும். உறையைப் பிரித்துப் படிப்பவரின் தோளுக்குப் பின்னே ஒருவன் நின்றால் அது என் செய்யும்? புதுப்பித்தலும் கதவைத்தான் அடைக்கும். முன்பே புகுந்தவனை வெளியேற்றாது. குறிவைக்கப்பட்டதாக அறிவிப்புப் பெற்றவர் வல்லுநர் உதவியை நாடுவதே தக்கது. கருவியையே மாற்றவும் நேரலாம்.

ஏனையோர்க்கு வேண்டியது சிறு கவனமே. சென்ற பொங்கலுக்கு ஊர் சென்றபோது, அத்தையின் கைப்பேசி பல மாதங்களாகப் புதுப்பிக்கப்படாமல் இருக்கக் கண்டேன். காரணம், இடமில்லை, நாள்தோறும் வந்த காலை வணக்கப் படங்கள் நிறைந்து கிடந்தன. அத்தையின் சம்மதத்தோடு அவற்றை நீக்கியதும் புதிய பதிப்பு தடையின்றி இறங்கிற்று. முருகன் படங்களை மட்டும் அழிக்க வேண்டாம் என்றார்கள், அவற்றை விட்டுவைத்தேன்.