நாணயம் விற்பார்க்கும் கொள்வார்க்கும் நாணயம் வேண்டும்

தமிழிலே நாணயம் என்னுஞ் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கையிற் புழங்கும் காசும் நாணயமே. சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயமே. "அவர் நாணயமான மனிதர்" என்று நம் பெரியோர் ஒருவரைப் பற்றிக் கூறிவிட்டால், அதற்கு மேலொரு நற்சாட்சி வேண்டப்படுவதில்லை. பழங்காசு விற்போரும் வாங்குவோரும் இணையத்தின் வழியே ஒருவரையொருவர் தேடிக்கொள்ளும் இந்நாளில், இவ்விரு பொருளும் பிரியாதிருத்தல் வேண்டும் என்பதையே நாம் இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

முன்னாளிற் பழங்காசு வாங்க விரும்பியவர் கடைக்குச் சென்றார். காசைக் கையில் ஏந்திப் புரட்டிப் பார்த்தார், நிறுத்தார், தட்டி ஓசை கேட்டார், குறை கண்டால் வைத்துவிட்டு நீங்கினார். இன்றோ வாங்குபவர் யாழ்ப்பாணத்தில் இருப்பார். விற்பவர் இலண்டனில் இருப்பார். 1995இல் அமெரிக்காவில் தொடங்கிய ஈபே போன்ற ஏலத் தளங்கள் இதனை எளிதாக்கிவிட்டன. ஆயினும் இருவருக்கும் இடையில் உள்ளவை சில படங்களும் சில வரிகளுமே. அன்று வாங்குபவரின் கை செய்த வேலையை இன்று விற்பவரின் சொல் செய்யவேண்டியிருக்கின்றது. இவ்வாணிபத்தின் பொறுப்புக்கள் யாவும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன. மாணவன் ஒருவன் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும், குடும்பமொன்று இடர் வந்தபோது விற்க எடுக்கும் பாட்டியாரின் பவுண் காசும் இச்சொல்லையே நம்பி நிற்கின்றன.

விற்பவர் கடன்

விற்பவரின் முதற்கடன், விற்கப்படும் அந்தக் காசையே படமெடுத்துக் காட்டுதல். நூலொன்றிலுள்ள படத்தை இட்டு "இதைப் போன்றது" என்பது முறையன்று. முன்புறம், பின்புறம், விளிம்பு ஆகிய மூன்றும் தெளிவாகத் தெரியவேண்டும். நிறையையும் விட்டத்தையும் குறிப்பிடவேண்டும். இது வெறுஞ் சடங்கன்று. ஆங்கிலத் தங்கப் பவுண் ஒன்றின் நிறை ஏறத்தாழ 7.99 கிராம், விட்டம் 22.05 மில்லிமீற்றர். பொன் மிகக் கனத்த உலோகம். ஆதலின் மட்டமான உலோகத்தாற் செய்த போலியை நிறையிற் சரிசெய்தால் உருவம் பெருத்துவிடும். உருவத்திற் சரிசெய்தால் நிறை குறைந்துவிடும். இவ்விரு எண்களையும் அறிந்தவரை ஏமாற்றுதல் அத்துணை எளிதன்று.

குறைகளை மறையாது சொல்லுதல் இரண்டாவது கடன். பவுண் காசுகளைக் கொடியிலும் மாலையிலும் கோத்து அணியும் வழக்கம் நம்மிடையே உண்டு. வளையம் பற்றவைத்துப் பின் அதனை நீக்கி மெருகிட்ட காசின் விளிம்பில் ஒரு தழும்பு எஞ்சும். பொன்னுக்குரிய விலை அதனாற் பெரிதுங் குறையாது. காசு சேர்ப்போர் தரும் விலையோ மிகக் குறைந்துவிடும். செப்புக் காசைப் புளியிட்டுத் துலக்குவதும் இத்தகையதே. குத்துவிளக்குக்கு அது அழகு. பழங்காசுக்கு அது கேடு. நெடுங்காலம் படிந்த மேல்வண்ணம் ஒருமுறை போனால் மீளாது. துலக்கிய காசைத் துலக்கியதென்று எழுதாமல், "புதிதுபோல் மின்னுவது" என்று எழுதுவது சொல்லால் மெய்யாயினும் கருத்தாற் பொய்யேயாகும்.

ஏலத்திலே தம் காசுக்குத் தாமே வேறு பெயரில் விலைகேட்டு உயர்த்துவதும், நண்பரைக்கொண்டு உயர்த்துவிப்பதும் வஞ்சனை. ஏலத் தளங்களின் விதிகளும் இதனைத் தடுக்கின்றன. விற்ற பின்னரும் கடமை முடிவதில்லை. காசு உறைக்குள் அசையாதவாறு பொதிந்து, பதிவுத் தபாலில் அனுப்புதல் வேண்டும். மென்மையான பி.வி.சி. உறைகள் நாளடைவிற் காசின்மேற் பச்சைப் பசையைப் படியவிடும். அவற்றைத் தவிர்த்தல் நன்று. திருவள்ளுவர் வணிகருக்குரிய நெறியை நடுவுநிலைமை என்னும் அதிகாரத்திலே வைத்தார். பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுவதே அந்நெறி.

தரமும் அத்தாட்சியும்

பழங்காசின் விலை அதன் தரத்தைப் பொறுத்தது. அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் பழைய அமெரிக்கச் செப்புச் சதங்களுக்கென 1949இல் வகுத்த 1 முதல் 70 வரையான எண்முறையே, சிற்சில மாற்றங்களுடன், இன்று பல நாட்டுக் காசுகளுக்கும் வழங்குகின்றது. 60உம் அதற்கு மேற்பட்டனவும் புழக்கத்திற் தேயாத காசுகளுக்குரியவை. 60க்கும் 65க்கும் உள்ள வேற்றுமை பழகாத கண்ணுக்குப் புலப்படாது. விலையிலோ அது பன்மடங்காகலாம். ஆதலால் விற்பவர் தம் விருப்பம்போல் எண்ணிடுவதைவிட, பொதுவான ஒருவர் தரங்காணுதல் நன்று. 1986இல் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., 1987இல் தொடங்கிய என்.ஜி.சி. என்னும் அமெரிக்க நிறுவனங்கள் காசைப் பரிசோதித்துத் தரமிட்டுப் பிளாஸ்ரிக் பேழையில் அடைத்துத் தருகின்றன. ஆனால், அப்பேழையையே போலியாகச் செய்வாரும் உளர்! பேழையிலுள்ள இலக்கத்தை அந்நிறுவனத்தின் இணையத்தளத்தில் ஒப்புநோக்குதல் வாங்குபவரின் வேலை.

வாங்குபவர் கடன்

வாங்குபவருக்குக் கடமையொன்றும் இல்லையென எண்ணுதல் தவறு. கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர். ஐயங்களை விலைகேட்கும் முன்னரே வினவித் தெளியவேண்டும். கேட்ட விலைக்குக் காசு கிடைத்துவிட்டால் அது கொடுத்த வாக்கு. பணத்தைத் தாமதியாது செலுத்தவேண்டும். தளத்தின் ஏற்பாட்டுக்கு வெளியே பணம் அனுப்புமாறு கேட்போரிடம் எச்சரிக்கையாயிருத்தல் நன்று. வெளியே அனுப்பிய பணத்துக்குத் தளம் பொறுப்பேற்காது.

காசு வந்தவுடனே நிறுத்தும் அளந்தும் பார்க்கவேண்டும். விவரணத்தோடு ஒவ்வாதிருப்பின், குறித்த தவணைக்குள் படத்துடன் அமைதியாக எழுதவேண்டும். திருப்பியனுப்ப எண்ணிய காசைத் துலக்குவதோ பேழையை உடைப்பதோ தகாது. நல்ல காசை வைத்துக்கொண்டு தேய்ந்த காசைத் திருப்பியனுப்புவது களவு. மனம் மாறியதனால் "விவரணம் பிழை" என்று சாட்டுவதும், "குறைத்துத் தாராவிடிற் குறைகூறி எழுதுவேன்" என்று மிரட்டுவதும் நாணயமன்று.

இங்கே நுண்மையான வினாவொன்று எழுகின்றது. விற்பவர் தம் காசின் மதிப்பை அறியாதிருந்தால் என் செய்வது? புத்த ஜயந்தியை ஒட்டி 1957இல் வெளியான ஐந்து ரூபாக் காசை எடுத்துக்கொள்வோம். முகத்தில் எழுதிய விலை ஐந்து ரூபாவே. ஆனால் அது 28 கிராமுக்கு மேற்பட்ட வெள்ளிக் காசு. கற்றறிந்தவன் தன் கல்வியால் ஊதியம் அடைவதில் தவறில்லை என்பர் சிலர். இருக்கலாம். ஆனால், விற்பவர் "இதன் மதிப்பென்ன?" என்று நம்பிக் கேட்கும்போது "ஒன்றுமில்லை" என்று விடையளிப்பவன், கல்வியால் ஊதியம் பெறவில்லை, பொய்யாற் பெறுகின்றான்.

சட்டம் சொல்வது

விவரணத்தைக்கொண்டு விற்கப்படும் பொருள் அவ்விவரணத்துக்கு இசைந்திருத்தல் வேண்டுமென இலங்கையில் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம் விதிக்கின்றது. மின்வழிச் செய்த உடன்படிக்கையும் செல்லுபடியாகும் என்பது 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தின் கருத்து.

மிகப் பழைய காசுகளுக்கு மேலுமொரு காவலுண்டு. யாழ்ப்பாண அரசர் வெளியிட்ட, கிடந்த நந்தியும் "சேது" என்னுந் தமிழ் எழுத்துக்களும் பொறித்த காசுகளை நம்மவர் பலர் அறிவர். 1815 மார்ச் 2ஆம் நாளுக்கு முற்பட்ட இத்தகைய காசுகள், 1940ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் கட்டளைச்சட்டப்படி தொல்பொருள்களாம். அனுமதிப்பத்திரமின்றி அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்புதல் குற்றம். தோட்டங் கொத்தும்போது காசுக் குடமொன்று வெளிப்பட்டால், நிலத்தின் சொந்தக்காரர் என்ற காரணத்தால் மட்டும் ஒருவர் அதற்கு உரியவராகிவிடார்; அதிகாரிகளுக்கு அறிவித்தல் அவர் கடன். விற்பவரும் வாங்குபவரும் முதலில் தொல்பொருள் திணைக்களத்தில் விசாரித்தறிதல் நலம். எவ்விடத்தில், எவற்றோடு கிடைத்தது என்ற வரலாறு இழந்த காசு, பாதி ஊமையாகிவிடுகின்றது.

மாணவர்களே! காசு சேர்த்தல் வரலாறு கற்பிக்கும் இனிய பொழுதுபோக்கு. சிறிய தராசு ஒன்றும், உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றும், நல்ல நூலொன்றும் முதலில் வாங்குங்கள்; காசைப் பின்னர் வாங்கலாம். பெற்றோரும் பிள்ளைகள் விலைகேட்கும்போது அருகிலிருந்து விவரணத்தை ஒருமுறை வாசித்துப் பார்த்தல் நன்று. காசின் எழுத்துத் தேய்ந்தாலும் அதற்கு ஒரு விலையுண்டு. மனிதனின் நாணயம் தேய்ந்தால் அதனைக் கொள்வார் எவருமிலர்.